குண்டு விழுந்த ஊர்கள்

வேற்றுக்கோளினின்று ஒரு படை வந்திறங்குகின்றது. அதன் கருவிகளுக்கு முன் இந்நிலவுலகின் கருவிகள் எவையும் நில்லா. அரசுகள் வீழ்கின்றன, படைத்தலைவர்கள் ஓடி ஒளிகின்றனர். அந்நிலையில் உழவனும் தச்சனும் பள்ளியாசிரியனும் அடுப்படியில் நின்ற பெண்ணும், வெல்ல முடியாதென்று தெரிந்தே, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகின்றனர். அறிவியற் புனைவு என்னும் பெயரில் மேலையுலகம் நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருங் கதை இது. தமிழிளைஞர் இதனைப் பொத்தகத்தில் படித்தும் திரையிற் கண்டும் வியக்கின்றனர். வியக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் இத்தகைய கதை நடக்குமிடம் இலண்டன் என்றும் நியூயார்க்கு என்றும் அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதே இரங்கத்தக்கது. கெடிலக் கரையிலும் தில்லைத் தெருக்களிலும் அது நடந்திருக்கின்றது, ஒருமுறையன்று, பன்முறை.

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் தாயெனத் தக்கது ஆங்கில எழுத்தாளர் எச்.சி. வெல்சு 1898-இல் வெளியிட்ட செவ்வாய்ப் படையெடுப்புப் புதினமாகும். மூன்று கால்களில் நடக்கும் மாழைப் பூதங்கள், சுட்டெரிக்கும் வெப்பக்கதிர், மூச்சை நிறுத்தும் கரும்புகை. இவற்றுக்கு முன் இலண்டன் மாநகரமே ஊரை விட்டோடுகின்றது. கடலில் ஒரே ஒரு போர்க்கப்பல் திரும்பி நின்று மோதித் தானும் அழிகின்றது. பொதுமக்களோ படகிலிருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். இறுதியில் அப்பூதங்களை வீழ்த்துவன கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களேயன்றி மாந்தரின் மறம் அன்று. அன்றைய நாளில் ஞாலத்தின் காற்பகுதியைக் கட்டியாண்ட இனத்திற் பிறந்தவர், எதிர்த்து நிற்கும் எளிய மக்களை எண்ணிப் பார்க்க இயலாமற் போனதில் வியப்பென்ன? ஆயினும் வெல்சு நேர்மையாளர். தாசுமேனியத் தீவின் பழங்குடியினரை ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதாண்டுக்குள் துடைத்தழித்தனர் என்பதை முதற் பகுதியிலேயே எடுத்துக்காட்டி, அதையே செவ்வாயர் நமக்குச் செய்தால் முறையிட நமக்கு வாயேது எனும் பொருள்பட எழுதினார். (அப்பழங்குடியினரின் வழியினர் இன்றும் வாழ்கின்றனர், அழித்துவிட்டதாக எண்ணிக்கொண்டவர்களின் கணக்கு அங்கும் பொய்த்தது.) எனவே செவ்வாயர் படை என்பது வானத்தினின்று குதித்த கற்பனையன்று. ஐரோப்பியன் பிறர் நாட்டிற் செய்ததைத் தன் தெருவில் நிறுத்திப் பார்த்ததே அக்கதை.

அப்படியாயின் அவன் நம் தெருவில் செய்தது என்ன?

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கில வணிகக் குழுமத்தார் விலைக்கு வாங்கினர். விற்றவன் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னன் இராசாராம். சென்னையில் எலிகு ஏல் ஆளுநனாக இருந்த காலம் அது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் கொடுப்பது? கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எட்டுந் தொலைவு வரையுள்ள நிலமும் ஊர்களும் வாங்கியவர்க்கே என்பது உடன்படிக்கை. அவ்வாறே பீரங்கியை நிறுத்திப் பல திசைகளிலும் சுட்டனர். குண்டு எட்டிய எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் அன்றே கைமாறின. குண்டு ஊர்கள் என்று பெயரும் பெற்றன. கடலூர்க்கருகே குண்டு உப்பலவாடி என்னும் ஊர் இன்றும் உள்ளது. குண்டுசாலை என்னும் சாலையும் உள்ளது. நாள்தோறும் அவ்வழியே மிதிவண்டியிற் செல்லும் பிள்ளைகளுள் எத்துணைப் பேர்க்கு அப்பெயரின் பொருள் தெரியும்?

அன்று அவ்வெல்லைக்குள் உழுதுகொண்டிருந்த ஓர் உழவனை எண்ணிப் பார்க்கலாம். கிழக்கே இடியோசை கேட்கின்றது. வானில் மழைமுகில் இல்லை. சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஓர் இரும்புருண்டை வந்து வயலிற் புதைகின்றது. விற்றவனை அவன் கண்டதில்லை. வாங்கியவன் மொழியை அவன் கேட்டதில்லை. மாலையில் வீடு திரும்பும்போது அவன் வேறோர் ஆட்சியின் குடி! செவ்வாயினின்று உருளை வந்து விழுந்ததாக வெல்சு எழுதுவதற்கு இருநூற்றெட்டு ஆண்டுகட்கு முன்பே நடந்தது இது. பீரங்கி என்னும் சொல்லே பறங்கியன் பெயரினின்று வந்ததென்பர். பொருள் வந்தபோதே, அதை இறக்கியவன் பெயரும் உடன் வந்து இங்கே குடியேறிவிட்டது. பறங்கிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயரும் அவ்வழிப்பட்டதே.

அதன் பின் ஒரு நூற்றாண்டுக் காலம் இக்கடற்கரை பிறர் போரிட்டுப் பழகும் களமாயிற்று. தேவனாம்பட்டினக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி இலாலி 1758-இல் கைப்பற்றித் தகர்த்தான். இடிபாடுகள் கெடிலக் கரையில் எஞ்சியுள்ளன. தில்லைக் கோயிலின் மதில்களுக்குள் படைகள் பாடியிறங்கின. 1781 சூன் திங்களில் ஐதர் அலியின் படையினர் அங்கிருக்க, ஆங்கிலத் தளபதி அயர் கூட்டு இரவில் தாக்கித் தோற்றுத் திரும்பினான். சூலை முதல் நாளில் பறங்கிப்பேட்டையில் ஐதர் தோற்றார். 1783-இல் கடலூரில் ஆங்கிலரும் பிரெஞ்சியரும் மோதிக்கொண்டிருந்தபோதே, ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்டுவிட்டதென்று செய்தி வரவும் போரை நிறுத்திவிட்டு அவரவர் பாசறைக்குச் சென்றனர். செத்த தமிழனுக்கு எந்த அமைதி வந்தது என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. தளபதிகளின் பெயர்களை மனப்பாடஞ் செய்யும் வரலாற்றுப் பாடத்தில், அப்படைகளுக்கு நெல்லும் மாடும் பறிகொடுத்த ஒரு சிற்றூரின் பெயர்கூட இல்லை.

பொதுமக்கள் களத்தில் இறங்கிய கதை அதற்குப் பிற்பட்டது. கடலூர் முதுநகர்ப் பெண்மணி அஞ்சலையம்மாளை அறியாதார் அறிதல் வேண்டும். 1857-இல் வடநாட்டில் ஊரூராகத் தூக்கிலிட்டுக் கொன்ற படைத்தலைவன் நீலனுக்குச் சென்னை மலைச்சாலையில் வெள்ளையர் சிலை நிறுத்தியிருந்தனர். அதை அகற்றக்கோரி 1927-இல் நடந்த அறப்போரில் அவ்வம்மையார் கணவர் முருகப்பரோடும், ஒன்பது அகவையேயான மகள் அம்மாக்கண்ணுவோடும் கலந்துகொண்டு சிறை புகுந்தார். ஒரு வல்லரசின் சிலையை ஓர் ஏழைத் தாயும் சிறுமியும் அசைத்துவிட முடியுமா? முடியாதென்பது அவர்க்குந் தெரியும். பத்தாண்டு கழித்து, 1937-இல், அச்சிலை சாலையினின்று பெயர்க்கப்பட்டு அருங்காட்சியகத்திற்குப் போயிற்று. இதில் நகைப்பிற்குரியது ஒன்றுண்டு. அச்சிலை அகன்றபோது ஆட்சியிலிருந்தது இராசகோபாலாச்சாரியாரின் பேராயக் கட்சி அமைச்சரவை. அதே அமைச்சரவைதான் மறு ஆண்டே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று! ஒரு படையின் சிலையை வெளியே அனுப்பிய கையால் இன்னொரு படைக்குக் கதவு திறந்துவிட்டனர். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைப்பட்ட நிலையில் உயிர்நீத்தனர். 1940-இல் அக்கட்டாயம் விலக்கப்பட்டது.

இனிச் சிதம்பரம்.

அரசியல் சட்டப்படி 1965 சனவரி 26-இல் இந்தி நடுவணரசின் ஒரே ஆட்சிமொழியாக முடிசூட இருந்தது. அதற்கெதிராக எழுந்தவர்கள் யாவர்? கட்சித் தலைவர்கள் அந்நாளுக்கு முன்னரே சிறைப்படுத்தப்பட்டனர். தெருவில் எஞ்சியவர்கள் மாணவர்கள். மீசை அரும்பாத பிள்ளைகள். அவர்கள் கையில் இருந்தன கருங்கொடியும் தட்டியும் தொண்டையுமே. எதிரிலிருந்ததோ நாடாளுமன்றம், அமைச்சரவை, காவல்துறை, அதற்கும் பின்னால் ஒரு பெரும்படை. எடைபோட்டுப் பார்க்கத் தெரிந்த எவனும் இதைப் போர் என்றே சொல்லமாட்டான்.

சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். காவலர் தடுத்தனர், தடியடி நடந்தது, பின்பு துமுக்கிகள் வெடித்தன. இராசேந்திரன் என்னும் மாணவன் குண்டடிபட்டு வீழ்ந்தான். அவன் ஒரு காவலரின் மகன். அவனுடைய சிலை பல்கலைக்கழகத்தருகே நிற்கின்றது. ஆண்டுதோறும் மாலை விழுகின்றது.

புனைகதை எழுதுவோர் கருதத் தவறுவது இவ்விடத்தில்தான் உள்ளது. கதையில் வரும் பகைவனுக்கு மூன்று கால்; தோல் வேறு, குருதி வேறு; கண்டவுடன் பகைவன் என்று குழந்தையும் சொல்லிவிடும். சிதம்பரத்தில் சுட்ட கைக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. சுட்டது சென்னை மாநிலக் காவல்துறை. ஆணையிட்ட ஆட்சியின் தலைவர் பக்தவத்சலம், தமிழ் பேசியவர். சுடப்பட்டவனின் தந்தையும் அதே காக்கியுடை அணிந்தவர். வந்தேறும் வல்லாண்மை தன் கையால் சுடுவதில்லை. உள்ளூர்க் கையை வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றது. 1690-இல் விற்றவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன் என்றிருந்ததும் அதுவே. செவ்வாய்ப் படையெடுப்பைத் தமிழில் எழுத முற்படும் இளைஞன் எவனும் முதலில் எழுதவேண்டியது அப்படைக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் கணக்கனாகவும் போய்ச் சேர்ந்த நம்மவனைப் பற்றியே.

அக்கிளர்ச்சி சிதம்பரத்தோடு நிற்கவில்லை. பிப்பிரவரி 12-இல் பொள்ளாச்சியில் படையே இறங்கிச் சுட்டது. மொத்தம் இறந்தோர் ஏறத்தாழ 70 பேர் என்பது அரசுவழிக் கணக்கு. மக்கள் சொல்லுங் கணக்கு அதனினும் பன்மடங்கு.

"என்ன கண்டீர்கள்?" என்று கேட்கும் அறிவாளிகள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கிடைத்ததை மறைக்க வேண்டியதில்லை, மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. நடுவணமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலக முன்வந்தனர். தலைமையமைச்சர் சாத்திரி பிப்பிரவரி 11-இல் வானொலியில் உறுதிமொழி கூறினார். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்புங்காறும் ஆங்கிலம் தொடரும் என்றாயிற்று. அவ்வாண்டே தமிழகத்தில் பேராயக் கட்சி ஆட்சியிழந்தது. விருதுநகரில் காமராசரை வென்றவர் மாணவர் தலைவராயிருந்த ஓர் இளைஞர். 1968 சனவரி 23-இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. இத்தனையும் உண்மை. இவற்றோடு ஒட்டி நிற்கும் இன்னோர் உண்மை, அரசியல் சட்டத்தின் 343-ஆம் பிரிவில் ஓரெழுத்தும் மாறவில்லை என்பது. ஆங்கிலத்திற்குத் தவணை கிடைத்தது. தமிழுக்கு அரியணை கிடைக்கவில்லை. இராசேந்திரன் ஆங்கிலத்திற்காகச் சாகவில்லை என்பதை ஆங்கில வழிப் பள்ளி வாயிலில் வரிசையில் நிற்கும் பெற்றோர்க்கு யார் எடுத்துச் சொல்வது?

இங்கே இவ்வியக்கத்தார்க்கே கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றையும் கூறவேண்டியுள்ளது. தோல்வி உறுதியென்று தெரிந்து களத்தில் நிற்பது ஒன்று. தன்னுடலைத் தானே அழித்துக்கொள்வது வேறொன்று. இரண்டையும் ஈகம் என்னும் ஒரே சொல்லால் குறித்துக் குறித்துப் பழகிவிட்டனர் தமிழர். 1597-இல் தில்லைக்கு வந்த ஏசு அவைத் துறவி பிமெண்டா ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்துள்ளார். கோயிலுக்குள் திருமாலின் கோட்டத்தைச் செஞ்சி நாயக்கன் எடுத்துக்கட்ட, அதைப் பொறாத கோயிற் குருக்கள்மார் கோபுரத்தின் மேலேறிக் குதித்து மாண்டனர். இருபதின்மர் அவ்வாறு வீழ்ந்த பின் நாயக்கன் எஞ்சியோரைச் சுடச் சொன்னான். அவர்கள் உயிரைக் கொடுத்தது ஒரு மதச்சண்டைக்கு, அது கிடக்கட்டும். ஆனால் கோபுரத்தினின்று குதித்தவனைக் கண்டு நாயக்கன் கட்டடத்தை நிறுத்தவில்லை. கோவிந்தராசர் கோட்டம் இன்றும் அங்கேதான் உள்ளது.

கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி 1964 சனவரி 25-இலும், கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் 1965 சனவரி 26, 27-ஆம் நாள்களிலும், மயிலாடுதுறை மாணவர் சாரங்கபாணி அதையடுத்தும் தீக்கிரையாயினர். அவர்கள் நெஞ்சின் தூய்மையை ஐயுறுபவன் தமிழனாகான். ஆயினும் அந்நெருப்பை மேடைதோறும் போற்றிப் போற்றி, இன்னும் எவரேனும் எரியமாட்டாரா என்று ஏங்குவது போலப் பேசும் வாய்கள் மூடப்படவேண்டும். தீயிற் போன அவ்விளைஞர்கள் இருந்திருந்தால் எத்துணைப் பேர்க்குத் தமிழ் கற்பித்திருப்பர்! எத்துணைத் தேர்தல்களில் எத்துணை இரண்டகர்களை வீழ்த்தியிருப்பர்! அஞ்சலையம்மாள் சிறைக்குச் சென்றார்; திரும்பி வந்தார்; மீண்டும் சென்றார்; சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்; 1961 வரை வாழ்ந்தார். பகைவனுக்கு அவரால் நேர்ந்த தொல்லை நீண்டதற்குக் கரணியம் அவர் நெடிது வாழ்ந்ததே. இராசேந்திரனும் சாவதற்காக ஊர்வலத்திற் செல்லவில்லை. வகுப்பிற்குத் திரும்பும் எண்ணத்தோடே சென்றான். அவனைச் சாகடித்தார்கள். வேறுபாடு இதுவே. இளைஞரைப் போராட்டத்திற்கு அழைக்கும் தலைவன் எவனாயினும் அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வழியையும் எண்ணிவிட்டே அழைக்கவேண்டும். தான் முன்வரிசையில் நிற்க அணியமாயில்லாதவன் அழைக்கவே கூடாது.

பழங்கதை பேசியது போதும் என்பார்க்குப் புதுக்கதையும் இம்மாவட்டத்திலேயே உண்டு. நெய்வேலியில் மண்ணை அகழும் பொறிகளைப் பார்த்தவர்க்கு வெல்சின் பூதங்கள் வெறும் பொம்மைகளாகவே தோன்றும். வாளிகள் கோத்த பேருருளி ஒன்று ஒரு தெருவையே அள்ளித் தின்னும் பருமனுடையது. 1956-இல் தொடங்கிய அந்நிறுவனத்திற்கு ஊர் ஊராக நிலம் போயிற்று. மின்னொளி எங்கெங்கோ போயிற்று. 2023 சூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்தையொட்டிப் பரவனாற்று வாய்க்காலை வெட்டுவதற்கு, விளைந்துகொண்டிருந்த பச்சை நெற்பயிரின் மேல் மண்வாரிப் பொறிகள் இறங்கின. சுற்றிலும் காவலர் படை. நிலம் பல்லாண்டுகட்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு விலையும் கொடுக்கப்பட்டது என்றது நிறுவனம். விலை போதவில்லை, சொன்ன வேலையும் வரவில்லை என்றனர் உழவர். வழக்கு இருக்கட்டும், அறுப்பு முடியும்வரை பொறுக்கக்கூடவா முடியாது? பயிர் நசுங்கியதைக் கண்டு சென்னை உயர்நீதிமன்றமே நொந்து பேசிற்று. பயிரழிவுக்கு ஏக்கருக்கு 40,000 உருபா இழப்பீடு தரச்சொல்லி ஆணையிட்டது. பொறிக்கு முன் நின்று கதறிய உழவர்கள் பொறியை நிறுத்திவிடவில்லை. ஆனால் அன்று அவர்கள் வயலுக்கு வராமல் வீட்டிலிருந்திருந்தால் நீதிமன்றத்தின் காதுக்கு அச்செய்தி எட்டியிருக்குமா? 1690-இல் வயலில் நின்ற உழவனுக்கு முறையிட மன்றமில்லை. 2023-இல் இருந்தது. இடையில் தோற்றுத் தோற்றுப் போராடியவர்கள் ஈட்டிக்கொடுத்தது அவ்வளவே, அது சிறிதன்று.

மொழிக்களமும் ஓயவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் மும்மொழித் திட்டத்தை ஏற்காமையால் தமிழகப் பள்ளிகளுக்குரிய 2,152 கோடி உருபா நிறுத்திவைக்கப்பட்டதென 2025 தொடக்கத்தில் எழுந்த பூசல் யாவரும் அறிந்தது. இம்முறை துமுக்கி வெடிக்கவில்லை, பணப்பை மூடப்பட்டது. வெப்பக்கதிரும் கரும்புகையும் தேவைப்படாத படையெடுப்பு இது. மாலை போடச் சிலையும் கிடைக்காது. எவர் மேலும் குண்டு பாய்வதில்லை. ஆகலின் எதிர்த்து நிற்பதும் முன்னினும் அரிது. பகைவனைக் காட்டு என்றால் காட்டமுடியாது. ஓர் அரசாணை எண்ணைத்தான் காட்டமுடியும்.

ஆதலால் உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. 1965 சனவரியில் சிதம்பரத்தில் அவ்வூர்வலத்தில் நடந்தவர்களுக்கு அன்று அகவை பதினெட்டோ இருபதோ இருக்கும். எஞ்சியிருப்போர் இன்று எண்பதை எட்டியவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் ஊர்தோறும் இருக்கின்றனர். இராசேந்திரன் வீழ்ந்தபோது அருகில் நின்றவர் யார், தூக்கியவர் யார், எவ்வழியே ஓடினர், எந்த வீட்டுக் கதவு அவர்களுக்காகத் திறந்தது, எது திறக்கவில்லை என்பனவெல்லாம் அவர்கள் நினைவில் உள்ளன, ஏட்டில் இல்லை. தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் உள்ள பல்கலைக்கழகம் அது. சிலையினின்று சில எட்டு நடந்தால் துறைக் கட்டடம் வந்துவிடும். அங்குள்ள ஆய்வு மாணவர்கள் இவ்வாண்டே ஒரு பதிவுக் கருவியோடு கிளம்பட்டும். கடலூர்ப் பக்கம் செல்பவர்கள் குண்டு உப்பலவாடிக்கும் போய், அப்பெயரைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்கின்றனர் என்பதையும் எழுதிக்கொண்டு வரட்டும்.